குறையாத கால்சியம்

செப்டம்பர் 5, வெள்ளி

தமயந்தியின் உத்தரவுப்படி இந்த நோட்டு இன்று தொடங்குகிறது. வாராவாரம் மீன்தொட்டித் தண்ணீரில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்துத் தேதி போட்டு எழுத வேண்டுமாம். "மனசுல வச்சிருக்கேன்னு சொல்லாதீங்க. உங்க மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது" என்று திருச்சியிலிருந்து போனில் சொன்னாள். கட்டிய புருஷனிடம் பேசுகிற பேச்சா இது? போகட்டும்.

கால்சியம் 390. இருக்க வேண்டியது 420. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு.

நோட்டில் இடம் நிறைய மிச்சமிருக்கிறது. பேச ஆளில்லாத வீட்டில் நோட்டிடமாவது பேசுவோம். யாராவது எடுத்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: என் பெயர் சிவநேசன், ஷார்ஜாவில் ஏசி பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஹாலில் இருக்கிற இந்தக் கடல்நீர்த் தொட்டி, என் மகள் நித்திலா எட்டாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கவைத்தது. அவள் மீனுக்காகக் கேட்டாள். அவள் அம்மாதான் பவளத்தில் போய் விழுந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள் வேறு, கேட்கவா வேண்டும்? பவளம் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் உயிருள்ள பிராணி. தண்ணீரிலிருக்கிற கால்சியத்தை இழுத்துத்தான் எலும்பு கட்டிக்கொள்கிறது. அது இழுக்க இழுக்க நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நகக்கண் அளவு துண்டாக வாங்கி, பசை போட்டுப் பாறையில் தமயந்தி ஒட்டிய பச்சைப் பவளம் இன்று என் உள்ளங்கை அகலம். கொத்துமல்லிக் கட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வருடம் நித்திலாவின் பிளஸ் ஒன்னுக்காக இரண்டு பேரும் ஊரோடு போனபோது, கிளம்புகிற அன்று அதனிடம்தான் குனிந்து சொல்லிக்கொண்டாள். என்னிடம் கேஸை மூட மறக்காதீங்க என்றாள்.

தொட்டியை விமானத்தில் ஏற்ற முடியாது. அதனால் அதுவும் நானும் இங்கே.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று ஒரு கூத்து. தொட்டிக்கு இரண்டு பாட்டில்: ஒன்று கால்சியம், இன்னொன்று சோடா உப்புக் கரைசல். காலையில் அது, சாயங்காலம் இது, சேர்த்து ஊற்றவே கூடாது என்று பாட்டில் மேலேயே அவள் எழுதி ஒட்டியிருக்கிறாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டேன். கண்ணெதிரே தண்ணீர் நீர்மோராக வெளுத்துப் போயிற்று. படமெடுத்து அனுப்பியதுதான் தாமதம், போன் அடித்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? எழுதி ஒட்டினேனே, படிக்கத் தெரியாதா?"

"அவசரத்துல..."

"அப்படி என்ன அவசரம்? ரெண்டும் சேந்தா சுண்ணாம்பாத் திரிஞ்சு அடியில உக்காந்துரும். அப்புறம் பவளம் எதைத் திங்கும்? உங்களுக்கு எல்லாத்தையும் ஒரே மடக்குல முடிச்சாகணும்!"

அங்கிருந்து தாவி, நித்திலாவின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் வராமல் போனதற்கு வந்தாள். அதிலிருந்து என் அக்கா வீட்டுக் காதுகுத்து. அதிலிருந்து ஊரில் பழுதாகிக் கிடக்கிற மோட்டார். காது சூடாகிவிட்டது. பின்னணியில் நித்திலா சிரிப்பது கேட்டது. மனிதனுக்கு வேலையிடத்திலும் சத்தம், வீட்டிலும் சத்தம். எங்கேதான் போவது?

செப்டம்பர் 12, வெள்ளி

கால்சியம் 400.

இந்தச் சோதனை ஒரு விளையாட்டு மாதிரி. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரோஸ் நிறம் நீலமாக மாறும்போது நிறுத்தி, எத்தனை சொட்டுச் செலவானது என்று பார்க்க வேண்டும். சொட்டு குறைந்தால் கால்சியமும் குறைவு. முன்பெல்லாம் இதற்கு வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். "நீலம் வந்தாச்சும்மா" என்பாள் மகள். "எங்கடி வந்துச்சு, இன்னும் ஊதாதான்" என்பாள் தாய். தீர்ப்புக்கு என்னிடம் வருவார்கள். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் நீலம் என்பேன்.

இன்று குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "நீலம்" என்று நானே சொல்லிக்கொண்டேன். மறுத்துப் பேச ஆளில்லை. வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

செப்டம்பர் 26, வெள்ளி

கண்ணாடி சுரண்டிச் சுரண்டித் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஊதா நிறத்தில் பொருக்குப் பொருக்காக ஒரு பாசி, பாறை மேல், பம்பு மேல், கண்ணாடி மேல். பிளேடு போட்டு எடுத்தாலும் அடுத்த வாரம் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறது. அது போதாதென்று பச்சைப் பாசி வேறு.

வெளிச்சம் இருப்பதால்தானே இத்தனையும் வளர்கிறது? தொட்டி விளக்கைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன். எரிகிற நேரத்தையும் வெட்டினேன். காலமெல்லாம் மெஷினோடு மாரடிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? தமயந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பெடுப்பாள்.

கால்சியம் 410.

அக்டோபர் 3, வெள்ளி

"தீபாவளிக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"தொட்டிய யாரு பாக்கறது? கால்சியம் ஊத்தலைன்னா என்ன ஆகும்னு நீதானே சொன்ன?"

"அந்தோணி அண்ணன்கிட்ட சொல்லிட்டு வாங்களேன்."

அந்தோணி என்னோடு வேலை பார்க்கிறவன், சர்வீஸ் வேன் ஓட்டுகிறவன். "அவனா? அவனுக்குச் சோத்துக்கே உப்புப் போடத் தெரியாது" என்றேன்.

 "சரி" என்று மட்டும் சொன்னாள். இந்தப் பேச்சு வந்தால் எப்போதும் ஒரு சண்டை உண்டு. பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். சண்டை வரவில்லை. நிம்மதி.

போன பொங்கலுக்குப் போனபோதே பார்த்தேனே. அவர்களுக்கென்று அங்கே ஒரு ஓட்டம் ஏற்பட்டுவிட்டது. என் ஈரத்துண்டை எங்கே போடுவது என்று கேட்டுத்தான் போட்டேன். நித்திலா அடுப்படியிலிருந்து, "அம்மா, அப்பா டீக்குச் சர்க்கரை போடுவாங்களா?" என்று கேட்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை. தொட்டி இருக்கிறது, அதனால் போக முடியவில்லை. அவ்வளவுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வீடியோவில் இரண்டு பேரையும் பார்த்தேன். நித்திலா வளர்ந்துவிட்டாளா, இல்லை போனைத் தாழ்வாகப் பிடித்தார்களா தெரியவில்லை. அந்தோணி பிரியாணி வாங்கிவந்தான். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"யோவ் நேசா, கண்ணாடி பளபளன்னு இருக்கேய்யா. முன்னாடி வந்தப்ப மீன் மூஞ்சியே தெரியாது" என்றான்.

"பராமரிப்பு" என்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

கால்சியம் 420. இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. இந்த வாரம் பாட்டிலையே தொடவில்லை, அப்படியும் 420. ஊதாப் பொருக்கும் ஒழிந்தது. எங்கள் தொழிலில் முள் அசையாமல் நின்றால் மெக்கானிக்குக்குக் கைகொடுப்பார்கள். நல்ல ஏசி என்றால் அது இருப்பதே தெரியக் கூடாது.

குழாயைப் படமெடுத்து அனுப்பினேன். தமயந்தி ஒரு கட்டைவிரல் போட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

கால்சியம் 420.

வீட்டிலும் சண்டை சச்சரவு இல்லாமல் எல்லாம் சீராகப் போகிறது. பள்ளிக்கூடக் கூட்டம், மோட்டார், அக்கா வீட்டு விசேஷம், எதைப் பற்றியும் பேச்சு வருவதில்லை. நித்திலா நேற்று வாட்ஸப்பில் போட்ட படத்தில் அவளுக்குப் பின்னால் சுவர் வேறு நிறத்தில் இருந்தது. வெளிர் பச்சை. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னைக் கேட்கவில்லை. நல்லதுதான். நிறத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பச்சை.

நவம்பர் 16, ஞாயிறு

போன் செய்தேன். "கெமிஸ்ட்ரி டியூஷன் பசங்க இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்றாள். அப்புறம் வரவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

கால்சியம் 420. அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் மட்டும் வந்தது. கட்டைவிரல் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

 இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் அந்தோணியும் நானும் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு சர்வீஸுக்குப் போனோம். வழக்கமாக அங்கே பெரிய தலைவலி. லாரி வரும், கதவைத் திறப்பார்கள், குளிர் இறங்கிப் போகும், மெஷின் மூச்சு வாங்கும், எங்களைத் திட்டுவார்கள். இன்று ரெக்கார்டரைப் பார்த்தால் வெப்பநிலைக் கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகக் கிடக்கிறது. ஒரு ஏற்றம் இல்லை, ஒரு இறக்கம் இல்லை.

"பாருய்யா அந்தோணி, என்ன அழகு! எல்லாம் நம்ம சர்வீஸ்" என்றேன்.

அவன் கதவைத் திறந்து டார்ச் அடித்தான். உள்ளே ஒரு பெட்டி இல்லை. வெறும் தரை, வெறும் அலமாரி. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அழகாம்ல அழகு. ஆளே வராத ரூமுய்யா. யாரு கதவத் தொறக்கறா, கோடு ஏறி எறங்கறதுக்கு?" என்றான்.

அவன் பாட்டுக்குச் சிரித்தான். எனக்குத் தொட்டியின் 420 நினைவுக்கு வந்தது. சர்வீஸை அவன் தலையில் கட்டிவிட்டு டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தேன். சட்டையைக்கூட மாற்றாமல் டார்ச்சோடு தொட்டி முன்னால் மண்டியிட்டேன். இத்தனை வாரமாகக் குழாயைத்தான் பார்த்திருக்கிறேன், தொட்டியைப் பார்க்கவில்லை. கொத்துமல்லிக் கட்டு பச்சையாகவே இல்லை. மேலே காப்பிப்பொடி நிறம். அடியில் பாதிக்குச் சதை கழன்று எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. கால்சியம் குறையாமல் நின்றது என் கைராசியால் இல்லை. எடுத்துச் சாப்பிட உள்ளே எதற்கும் தெம்பில்லை. வெளிச்சம்தான் அதற்குச் சோறு, அதை நான் பிடுங்கிவிட்டு முள் அசையவில்லை என்று மார்தட்டியிருக்கிறேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தமயந்தி கடைசியாக என்னிடம் எதையாவது கேட்டது எப்போது என்று இந்த நோட்டைப் புரட்டாமலே எனக்குத் தெரிந்தது. தீபாவளிக்கு வர்றீங்களா என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 29, சனி

போன் செய்து சொல்லிவிட்டேன்.

"விளக்கக் குறைச்சேன் தமயந்தி. செப்டம்பர்ல. கண்ணாடில பாசி படியுதேன்னு. கொத்துமல்லி பாதி போயிருச்சு. நல்லாத் திட்டு."

"என்னத்தத் திட்டறது?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்க அனுப்பின போட்டோவ நானும்தான் பாத்தேன். வாராவாரம் 420. கொறையவே இல்லைன்னா என்ன அர்த்தம்னு ஒரு செகண்ட் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாத விஷயமா? யோசிக்கல. ஒரு கட்டைவிரலப் போட்டுட்டு என் வேலையப் பாக்கப் போயிட்டேன். அப்புறம் அதுவும் போடல. என்னமோ... விட்டுப்போச்சுங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அந்த 'விட்டுப்போச்சு' காதிலேயே நிற்கிறது.

பிறகு டீச்சர் குரலில் சொன்னாள்: விளக்கை ஒரேயடியாக ஏற்றக் கூடாது, மீதியும் வெந்து வெளுத்துவிடும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. உங்களுக்குப் பொறுமை இருக்காது என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவளைக் கும்பிடத் தோன்றியது.

டிசம்பர் 5, வெள்ளி

கால்சியம் 420. இந்த எண்ணைப் பார்த்தாலே எரிச்சல்.

டிசம்பர் 12, வெள்ளி

420. விளக்கு இன்னொரு படி ஏற்றியாயிற்று.

தினமும் போன் செய்கிறேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள், முடிந்தது. இன்று துணிந்து, "பெயிண்ட் அடிக்கறப்ப என்னை ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். "உன் இஷ்டம்னு சொல்லியிருப்பேன்."

"அதான்" என்றாள். ஆனால் உடனே வைத்துவிடவில்லை. மோட்டாரை அவளே ஆள் பிடித்துச் சரிசெய்த கதையைச் சொன்னாள். அந்த மெக்கானிக்கை ஒரு பாட்டம் திட்டினாள். ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

பொங்கலுக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். தொட்டி இப்போதுதான் சீக்காளி. இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போவது சரியில்லை என்று எனக்கே தெரியும். திரும்பி வரும்போது கொத்துமல்லி இருக்குமோ இருக்காதோ. ஆனால் இனியும் அதைச் சாக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தொட்டிக்காக நான் போகாமல் இருந்ததே இல்லை. அந்த வீட்டில் எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்ற பயத்தில் போகாமல் இருந்தேன்.

சாவியை அந்தோணிக்குக் கொடுத்துச் சோதனையையும் சொல்லிக்கொடுத்தேன். பாட்டிலைத் தொடாதே, தண்ணீரை மட்டும் பார்த்துச் சொல் என்றேன்.

"நீலம் வந்துருச்சுய்யா."

"வரல. இன்னும் ஊதா."

"கண்ணக் காட்டப் போய்யா! இது ஊதான்னா நான் பேர மாத்திக்கறேன்."

கால்சியம் 420, என் கணக்கில். அந்தோணி கணக்கில் 415. ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு குரல் கேட்டது.

ஜனவரி 11, ஞாயிறு, திருச்சி

வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிப் பச்சை நேரில் இன்னும் மோசம்.

நித்திலா அடுப்படிக்குப் போகிற சத்தம் கேட்டது. அவள் அம்மாவைக் கூப்பிடுவதற்குள் நானே எழுந்து போய், "எனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடும்மா" என்றேன்.

"ரெண்டா? அப்பா, உங்க வயசுக்கு ஒண்ணே ஜாஸ்தி" என்றாள். ஒன்றுதான் போட்டாள். ஒன்றரையாவது போடச் சொல்லி வாதாடிப் பார்த்தேன், மசியவில்லை. டீ கசந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மத்தியானம் சாப்பிடும்போது வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "இந்தச் செவுத்துப் பச்சை எனக்குப் பிடிக்கல."

தமயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

பிடித்துக்கொண்டாள். வெயிலில் நின்று ஆள் வைத்து அடித்தது யார்? சாமான்களை நகர்த்தியது யார்? அப்போது எங்கே போயிருந்தீர்கள்? மீனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தீர்கள்! தீபாவளிக்குக் கூப்பிட்டதற்கு என்ன சொன்னீர்கள்? பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது, அக்கா வீட்டுக் காதுகுத்து வந்தது, மோட்டார் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.  ஒன்றையும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிடிக்கலைன்னா நீங்களே அடிங்க. ஆள்லாம் வைக்க மாட்டேன். ஏணி பின்பக்கம் இருக்கு. லீவு முடியறதுக்குள்ள ஹால் பூரா முடிச்சாகணும், சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன நிறம்?"

"அத நீங்க சொல்லுங்க. உன் இஷ்டம்னு மட்டும் சொன்னீங்க, நடக்கறதே வேற."

அந்த நேரத்தில் அந்தோணி வீடியோவில் வந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "யோவ் நேசா, நான் ஒண்ணுமே பண்ணலைய்யா. நீ சொன்ன மாதிரிதான் சொட்டு விட்டேன். சீக்கிரமே நீலம் வந்துருச்சு. கொறைஞ்சு போச்சுய்யா! மன்னிச்சுக்கோய்யா" என்று குழாயைத் தூக்கிக் காட்டினான்.

நித்திலா என் தோள் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "நீலம்தாம்மா."

தமயந்தி மறு தோள் பக்கம் வந்தாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. "எங்கடி நீலம்? அண்ணே, குழாயை ஜன்னல் பக்கம் கொண்டுபோங்க. பாருடி, ஊதா."

"நீலம்மா!"

"ஊதாடி. என்னங்க, நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நன்றாகப் பார்த்தேன். "இன்னும் ஒரு சொட்டு விடுய்யா அந்தோணி" என்றேன். விட்டான். இப்போது மூன்று பேருக்கும் நீலம்.

கால்சியம் 405. அது மறுபடியும் சாப்பிட ஆரம்பித்துவிட்டது.